சாயம் பூசாத கார்



விருந்து நாட்களில் பரணிலிருந்து இறக்கப்படும் தேக்சாக்களை நம் வீட்டுப் பெண்மணிகள் எவ்வாறு பேணுகிறார்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். செம்புத் தேக்சாவின் உட்புறத்துக்கு ஈயம் பூச வேண்டும். பூச்சு தேய்ந்த இடத்தில் களிம்பு ஏறினால் உணவு நஞ்சாகும். இரும்புச் சட்டியைக் கழுவி ஈரத்தோடு கவிழ்த்தால் மறுநாள் காலையில் துரு. அலுமினியத் தேக்சா பூச்சும் கேட்பதில்லை, துருவும் பிடிப்பதில்லை. ஆனால் அதில் வெறும் நீரைக் கொதிக்கவைத்தால் உட்புறம் கறுக்கும். புளிக்குழம்பு காய்ச்சினால் மீண்டும் வெளுக்கும். ஒவ்வோர் உலோகத்துக்கும் ஓர் இயல்பு உண்டு. அதனை அறிந்து பழகுகிறவர் கையில்தான் பாத்திரம் தலைமுறை கடந்து நிற்கிறது.

இந்த மாதம் நாம் பேசப்போவது ஒரு காரைப் பற்றி. நம் ஆலங்குளம், சிவகாசி, இராஜபாளையம் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றிருக்கும் இளைஞர்கள் சிலர், கண்ணாடிபோல் மின்னும் ஒரு பந்தயக் காரின் படத்தை அனுப்பி வினா எழுப்புகின்றனர். அதன் மேனியில் சாயமே இல்லை, வெறும் அலுமினியம். ‘இது அசலா, நகலா? சாயமின்றி எத்தனை நாள் தாங்கும்? இதனை வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாமா? அல்லது நம் ஊர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாமா?’ என்பன அவர்தம் வினாக்கள். பாலைவன வெயிலில் பத்தாண்டு உழைத்துச் சேர்த்த பணம், தங்கையின் திருமணத்துக்கும் அத்தாவின் மருத்துவத்துக்கும் வைத்திருக்கும் பணம், இத்தகைய ஆசையில் இறங்கப்போகும் வேளையில் விவரமறிந்து பேசுவது நம் கடமையாகிறது.

அசல் கார் எது?

படத்தில் இருப்பது பெரும்பாலும் ‘கோப்ரா’ என்னும் காரின் நகலே. அதன் வரலாறு இங்கிலாந்தில் தொடங்குகிறது. இலண்டனுக்குத் தென்மேற்கே தேம்ஸ் டிட்டன் என்னும் ஊரில் இருந்த ஏ.சி. கார்ஸ் என்ற சிறு நிறுவனம், 1953ஆம் ஆண்டில் ‘ஏஸ்’ என்ற இரு இருக்கைக் காரை வெளியிட்டது. அதன் மேனி அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி வளைத்துச் செய்யப்பட்டது. 1961இல் அக்காருக்குக் கிடைத்து வந்த பிரிஸ்டல் இஞ்சின் நின்றுபோகும் நிலை வந்தது.

அவ்வேளையில் அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த கேரல் ஷெல்பி என்பவர் அந்நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். கோழிப்பண்ணை நடத்தி நட்டப்பட்டவர். பின்னர் கார்ப் பந்தயத்தில் இறங்கி, 1959இல் பிரான்சின் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ராய் சால்வடோரியுடன் இணைந்து வென்றவர். இதயநோயால் 1960இல் பந்தயத்தை விட்டவர். ஆங்கிலேயரின் இலேசான காரில் அமெரிக்காவின் வலிய இஞ்சினைப் பொருத்தலாம் என்பது அவர் எண்ணம். ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் இஞ்சினைத் தந்தது. 1962 பிப்ரவரியில் இஞ்சினில்லாத ஒரு கார் விமானத்தில் கலிபோர்னியா வந்திறங்க, நண்பர் ஒருவரின் பட்டறையில் இஞ்சின் பொருத்தப்பட்டது. சி.எஸ்.எக்ஸ். 2000 என்னும் எண் தாங்கிய அதுவே முதல் கோப்ரா. 1965இல் ஷெல்பியின் கார்கள் ஜி.டி. வகைக்கான உலகப் பட்டத்தை வென்றன. 1967இல் உற்பத்தி நின்றபோது உலகில் இருந்த கோப்ராக்கள் ஏறக்குறைய 1,000 மட்டுமே.

அருமை கூடும்போது விலையும் கூடும் என்பது சந்தையின் நியதி. அந்த முதல் கார் 2016 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தபோது 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. இவ்வளவு விலை தர இயலாதோர் நகலை நாடினர். அதனால் இன்று உலகச் சாலைகளில் ஓடும் கோப்ராக்களில் அசலைவிட நகல்களே பன்மடங்கு அதிகம். அவற்றுள்ளும் பெரும்பாலானவை கண்ணாடியிழை என்னும் ஃபைபர் மேனி கொண்டவை. சாயத்தை நீக்கினால் உள்ளே உலோகம் இராது.

ஒரே கார், பல நிறங்கள்

அந்த முதல் காரைப் பற்றிய ஒரு செய்தி நம் சிந்தனைக்குரியது. அதனை முதலில் ஓட்டிப் பார்த்தபோது சாயம் பூச நேரமிருக்கவில்லை. பாத்திரம் துலக்கும் இரும்பு நாரால் தேய்த்துப் பளபளப்பாக்கி, வெறும் அலுமினிய மேனியோடுதான் ஓட்டினர். பின்னர் அந்த ஆண்டு நியூயார்க் கண்காட்சிக்காக மஞ்சள் நிறம் பூசப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு பத்திரிகையாளர் சோதித்துப் பார்க்க வரும்போதும் வேறொரு நிறம் பூசிக் கொடுத்தனர். இருந்தது ஒரே கார். படிப்பவர்களோ பல கார்கள் தயாராகிவிட்டன என்று எண்ணிக்கொண்டனர்.

வணிக உலகம் இதனைச் சாமர்த்தியம் என்று இன்றும் சிரித்துப் பேசுகிறது. நாம் கவனிக்க வேண்டியது வேறு. சாயம் இல்லாதிருந்த நாளில் அந்தக் கார் ஒரு காராகவே தெரிந்தது. சாயம் ஏறிய பின்னரே அது பலவாகத் தோன்றியது. சாயம் பூசாத நகல் காரை வைத்திருக்க விரும்புகிறவர் இந்த இரண்டு நிலைகளில் எதனைத் தேர்கிறார் என்பதே இக்கட்டுரையின் உட்பொருள்.

போர் விமானம் செய்த கைகள்

உண்மையான அலுமினிய மேனியோடு நகல் செய்கிறவர்களுள் பெயர் பெற்றது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த கிர்க்ஹாம் நிறுவனம். அதன் மேனிகள் உருவாகும் இடம் போலந்து நாட்டின் மியெலெட்ஸ் நகரம். அங்கிருந்த விமானத் தொழிற்சாலை, சோவியத் காலத்தில் மிக் 15, மிக் 17 போர் விமானங்களை உரிமம் பெற்றுக் கட்டியது. 1989க்குப் பின் அரசியல் மாறியது. விமானங்களுக்கான ஆணைகள் வற்றின. அலுமினியத் தகட்டை அடித்து வளைப்பதில் தேர்ந்த தொழிலாளர்கள் வேலையின்றி நின்றனர். 1990களின் நடுவில் அங்குச் சென்ற கிர்க்ஹாம் சகோதரர்கள் அந்தக் கைகளின் அருமையை உணர்ந்து, கோப்ராவின் மேனியை அவர்களைக் கொண்டே செய்விக்கத் தொடங்கினர்.

விமானம் கட்டக் கற்ற கைத்திறன் வேறு வண்டிக்குப் பயன்படுவது நம் நாட்டுக்கும் புதிதன்று. பெங்களூரின் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை இரயில் பெட்டிகளையும் கட்டியது. அந்தப் பிரிவையே 1964இல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனம் ஏற்றுக்கொண்டது. குதிரை வண்டி செய்துவந்த சென்னை சிம்ப்சன் நிறுவனம் 1903இல் நீராவிக் காரைக் கட்டிக் காட்டியது. இன்றும் கரூர்ப் பக்கம் பேருந்துக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் தகட்டின் ஓசை கேட்கிறது. தகட்டோடு பேசத் தெரிந்த மனிதர்கள் நம்மிடமும் உண்டு.

அத்தொழிலின் நுட்பத்தைச் சற்றே அறிந்துகொள்ளுங்கள். தட்டத் தட்ட அலுமினியத் தகடு கடினப்பட்டு வெடிக்கும் நிலைக்கு வரும். அப்போது சூடுகாட்டி அதனை மீண்டும் இளக்க வேண்டும். இரும்பாயின் சிவந்து பழுப்பதைக் கண்டு சூட்டை அளக்கலாம். அலுமினியமோ நிறம் மாறாமலே 660 டிகிரி செல்சியஸில் திடீரென்று உருகி வழிந்துவிடும். இதற்குப் பழந்தொழிலாளர் கண்ட வழி எளியது. தகட்டில் சோப்பைத் தடவிச் சூடுகாட்டுவர். சோப்புத் தீற்றல் கறுக்கும்போது தகடு இளகிவிட்டது என்று கொண்டு தீயை விலக்குவர். இளகிய தகட்டை மரச் சட்டத்தின்மேல் வைத்தும், உருளைச் சக்கரங்களுக்கிடையே ஓட்டியும் வளைவுகளைக் கொணர்வர். பின்னர்த் துண்டுகளைப் பற்றவைத்து ஒரே மேனியாக்குவர்.

இங்கேதான் சாயமில்லாத காரின் கடுமை இருக்கிறது. நம் பட்டறைகளில் டிங்கரிங் முடிந்ததும் எஞ்சிய மேடுபள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, மேலே சாயம் அடித்துவிடுவது வழக்கம். அதில் குற்றமில்லை, சாயமுள்ள வண்டிக்கு அதுவே முறை. வெறும் உலோக மேனியிலோ பட்டிக்கு இடமில்லை. ஒட்டுப்போட்ட கம்பியின் உலோகம் தகட்டின் உலோகத்திலிருந்து சற்று மாறுபட்டாலும், மெருகு ஏறிய பின்னர் அவ்விடம் ஒரு கோடாகத் தெரியும். சுத்தி ஒரு முறை தவறி விழுந்திருந்தாலும் வெயிலில் அது காட்டிக் கொடுத்துவிடும். செய்தவரின் நேர்மைக்கு மேனியே சாட்சி.

துருப்பிடிக்காதா?

இரும்பின் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடுத்த அடுக்கைக் காற்றுக்குத் திறந்துவிடும். ஆகவே முழுத் தகடும் அரிக்கப்படும். அலுமினியமும் காற்றிலுள்ள பிராணவாயுவோடு உடனே கூடுகிறது. ஆனால் அவ்வாறு உண்டாகும் ஆக்சைடு உதிர்வதில்லை. சில நானோமீட்டர் தடிப்பில், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் அதில் சில கூறுகளின் தடிப்பில், மேனியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கிறது. மாணிக்கமும் நீலக்கல்லும் இதே அலுமினிய ஆக்சைடின் படிகங்களே. சாயம் பூசாத அலுமினியம் அம்மணமாக நிற்பதில்லை. தன் ஆடையைத் தானே நெய்துகொள்கிறது.

இதே வரிசையில் வேறு சில கார்களும் உண்டு. வட அயர்லாந்தில் 1981, 1982ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 9,000 எண்ணிக்கையில் கட்டப்பட்ட டெலோரியன் காரின் மேனி சாயமற்ற துருவேறா எஃகு. 2023 நவம்பர் இறுதியில் வாங்குவோர் கைக்கு வரத் தொடங்கிய டெஸ்லாவின் சைபர் டிரக்கும் அத்தகையதே. இரண்டிலும் உரிமையாளர்கள் முதலில் கண்ட தொல்லை விரல் தடம். சாயமற்ற மேனியைத் தொட்டவர் எவர் என்பதைக்கூட அது மறைப்பதில்லை.

பராமரிப்பு முறை

அலுமினியத்தின் ஆடை அமிலமும் காரமும் மிகாத இடத்தில் மட்டுமே நிலைக்கும். இரண்டில் ஒன்று மிகுந்தாலும் கரையும். நம் ஊரில் காரத்துக்குக் குறைவில்லை. 1970ஆம் ஆண்டில் அரசின் சிமெண்டு ஆலை தொடங்கப்பட்ட ஊர் ஆலங்குளம். சுண்ணாம்புக் கல் நிறைந்த மண் இது. சிமெண்டுத் தூளும் சுண்ணாம்புத் தூளும் உலர்ந்து கிடக்கும்வரை பெருந்தீங்கு செய்வதில்லை. பனியோ தூறலோ பட்டதும் அவை காரக் குழம்பாகி, மெருகிட்ட மேனியில் சாம்பல் நிறத் திட்டுகளை உண்டாக்கிவிடும். அத்திட்டுகள் கறையல்ல; உலோகமே அரிபட்ட தழும்பு. துடைத்தால் போகாது. ஆகவே வீடு கட்டும் இடத்தருகே இத்தகைய காரை நிறுத்துவது கூடாது. தூள் படிந்திருந்தால் துணியால் தேய்க்காமல் முதலில் நிறைய நீர் விட்டுக் கழுவி இறக்க வேண்டும்.

பாத்திரம் துலக்கும் சாம்பலும், துணி வெளுக்கும் சோடாவும், சலவைத் தூளும் காரமே. புளி பித்தளைக்கு அழகு தரும். அந்தப் பழக்கத்தில் அதனை அலுமினியக் காரின் மேல் தேய்த்தல் ஆகாது. லாரி கழுவுமிடங்களில் அழுக்கெடுக்கத் தெளிக்கும் அமில நீரும் பகையே. கார் கழுவுவதற்கென்றே விற்கும், அமிலமும் காரமும் மிகாத ஷாம்புவே போதுமானது. விருதுநகர் மாவட்டத்தின் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. வெயிலில் கழுவினால் ஒவ்வொரு துளியும் காய்ந்து வெண்புள்ளியாகிவிடும். நிழலில் கழுவி, மென்மையான பருத்தித் துணியால் உடனே ஒற்றி எடுப்பதே முறை. வியர்வைக் கையின் உப்பும் பறவை எச்சமும் அன்றைக்கே துடைக்கப்பட வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று ஊசி முனை போன்ற குழிகளை இட்டுவிடும். அங்கே மேனியை நாள்தோறும் பார்த்தாக வேண்டும்.

முதல் கோப்ராவை இரும்பு நாரால் தேய்த்தார்கள் என்றோம். இன்று விவரமறிந்த உரிமையாளர் அதனைச் செய்யார். இரும்பு நாரின் நுண்துணுக்குகள் மெதுவான அலுமினியத்தில் பதிந்துகொள்ளும். ஈரம் பட்டதும் அவை துருவேறிச் செம்புள்ளிகளாகும். இரு வேறு உலோகங்கள் ஈரத்தோடு தொட்டுக்கொண்டால் அவற்றிடையே சிறு மின்னோட்டம் உண்டாகி, அலுமினியமே முதலில் பலியாகும். கோப்ராவின் அடிச்சட்டம் எஃகுக் குழாய், மேனி அலுமினியம். ஆகவே இரண்டும் சேருமிடங்களில் ரப்பரோ வேறு தடுப்போ இட்டிருக்கிறார்களா என்பதை வாங்குகிறவர் குனிந்து பார்க்க வேண்டும். பளபளக்கும் மேற்புறத்தைப் பார்த்து மயங்குகிறவர் பலர். கதவின் கீழ்விளிம்பையும் சக்கரக் கூண்டின் உட்புறத்தையும் பார்க்கிறவர் சிலர். நோய் தொடங்கும் இடம் அதுதான்.

மெருகிடுவதைப் பற்றியும் ஒரு சொல். முரட்டு உப்புத்தாளில் தொடங்கிப் படிப்படியாக நுண்ணிய வாட்டர் பேப்பருக்கு வந்து, பிறகு துணிச் சக்கரத்தில் காம்பவுண்டு தடவிக் கண்ணாடிபோல் ஆக்குவார்கள். ஒவ்வொரு முறையும் உலோகத்தின் மெல்லிய படலம் ஒன்று போய்விடுகிறது என்பதை மறத்தல் ஆகாது. விளிம்புகளில் தகடு விரைவில் மெலியும். எனவே விவரமறிந்தவர்கள் அடிக்கடி மெருகிடுவதைவிட, மெழுகு தடவி மெதுவாகத் துடைப்பதையே நாடுகின்றனர். சிலர் கண்ணாடிப் பளபளப்பை விட்டு, ஒரே திசையில் நுண்கோடுகள் ஓடும் மங்கலான மெருகை விரும்புவர்; அதில் சிறு கீறல்கள் கோடுகளோடு கலந்துவிடும். மேலே நிறமற்ற வார்னிஷ் அடித்துவிடலாமே என்பாரும் உளர். ஓரிடத்தில் அது உரிந்தால் ஈரம் அதன் அடியில் புழுப்போல் ஊர்ந்து செல்லும். பிறகு முழுவதையும் நீக்கித் திரும்பத் தொடங்க வேண்டும்.

பெரிய கார் இல்லாதவரும் இதனைப் பழகிப் பார்க்கலாம். சென்னைத் திருவொற்றியூரில் 1955 முதல் உருவாகிவந்த என்ஃபீல்டு புல்லட்டின் இஞ்சின் மூடிகள் மெருகிட்ட அலுமினியமே. பழைய புல்லட்டை வைத்திருக்கும் நம் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். மேலே சொன்னவற்றில் பாதியை அவர் கையனுபவமாகச் சொல்வார்.

மெருகில் உதிரும் தூள்

நம் பகுதியில் பிறந்தவர்க்கு அலுமினியத் தூளைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. பட்டாசின் வெண்ணிற ஒளிக்கும் வெடியின் வேகத்துக்கும் காரணம் அதுதான். அத்தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பற்றும் என்பதைச் சிவகாசித் தொழிலாளி ஒவ்வொருவரும் அறிவார். தகடாக இருக்கும்போது அடங்கிக் கிடக்கும் உலோகம் தூளானதும் குணம் மாறுகிறது. காரை மெருகிடும்போது சக்கரத்திலிருந்து உதிர்வதும் அதே தூள்தான்.

சீனாவின் குன்ஷான் நகரில் கார்களின் அலுமினியச் சக்கரங்களுக்கு மெருகிட்டு வந்த ஓர் ஆலையில், 2014 ஆகஸ்ட் 2ஆம் நாள் காலை, தூள் சேரும் கலத்தில் ஈரப்பட்ட அலுமினியத் தூள் சூடேறி வெடித்தது. 146 பேர் உயிரிழந்தனர். அவர்கள் பட்டாசு செய்யவில்லை. காரின் அழகுக்கு மெருகிட்டுக்கொண்டிருந்தவர்கள்.

எனவே, மெருகு வேலை காற்றோட்டமான இடத்தில் நடக்க வேண்டும். தூளைக் கூட்டிக் குவித்து ஈரத் துணியோடு மூடி வைத்தல் கூடாது; அன்றன்றே அகற்ற வேண்டும். அருகில் புகைபிடித்தல் கூடாது. துருப்பிடித்த இரும்பைத் தேய்த்த சாணைக்கல்லிலேயே அலுமினியத்தைத் தேய்த்தல் பெருந்தவறு. இரும்புத் துருவும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவைக்குத் தெர்மிட் என்று பெயர். இரயில் தண்டவாளங்களை உருக்கி ஒட்டப் பயன்படுவது அதுவே. வேலை செய்கிறவர் முகமூடி அணிந்தே செய்ய வேண்டும். நம் காரின் பளபளப்புக்காக ஓர் ஏழைப் பிள்ளையின் நுரையீரலில் உலோகத்தூள் படிவதை நாம் பார்த்துக்கொண்டிருத்தல் முறையாகாது. கூலி கொடுத்துவிட்டோம் என்பதனால் அவருடைய உடல்நலம் நம் பொறுப்பிலிருந்து நீங்கிவிடவில்லை.

நகல் பொய்யா?

இனி, பலர் கேட்கும் வினா. பிறர் செய்ததைப் பார்த்துச் செய்த ஒன்றை வைத்திருப்பது தவறா? நகலாக இருப்பதில் தவறில்லை. நகலை அசலென்று சொல்வதிலும், பார்ப்பவரை அப்படி எண்ணவைத்து ஆதாயம் அடைவதிலுமே தவறு.

மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதையும், மழையில் நனைந்தது என்று வணிகர் சொன்னபோது, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததையும் நம் பிள்ளைகள் பாடமாகப் படித்திருக்கின்றனர். நனைந்த தானியத்தை விற்பதை அவர்கள் தடுக்கவில்லை. மறைத்து விற்பதையே கண்டித்தார்கள். நகல் காருக்கும் அளவுகோல் இதுவே.

உலகச் சட்டங்களும் இந்த வழியிலேயே நடக்கின்றன. ஃபெராரி நிறுவனத்தின் கார்களைப் போன்ற ஃபைபர் மேனிகளைச் செய்து விற்ற ஒருவர்மீது அந்நிறுவனம் தொடுத்த வழக்கில், 1991இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபெராரியின் பக்கமே தீர்ப்பளித்தது. வாங்குகிறவர் நகலென்று அறிந்தே வாங்கினாலும், சாலையில் பார்ப்பவர் அறியார் என்பது அங்கே எடுத்துக்கொள்ளப்பட்ட கருத்து. பின்னர் 2015 டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், குறைந்தது 25 ஆண்டுகளுக்கு முந்திய காரின் வடிவில் ஆண்டுக்கு 325 நகல்கள் வரை செய்ய ஒரு சிறு நிறுவனத்துக்கு இடமளித்தது. ஆனால் உரிய உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்றும், அது எவ்வகைக் கார் என்பதைக் காட்டும் சீட்டு வண்டியில் ஒட்டப்பட வேண்டும் என்றும் விதித்தது. பிரிட்டனில், வயதோ அடையாளமோ ஐயத்துக்குரிய வண்டிக்கு ‘க்யூ’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண் தருகின்றனர். தெருவில் போகிறவரும் அறிந்துகொள்ள அது வழி.

அசல் கோப்ராக்களுக்கோ ஒவ்வோர் அடிச்சட்ட எண்ணையும் அதன் உரிமையாளர் வரிசையையும் பதிந்துவைக்கும் பெரும் பதிவேடு உண்டு. 1975இல் தோன்றிய ஷெல்பி கார் ஆர்வலர் சங்கம் அதனைப் பேணி வருகிறது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஆராய்வதைப் பற்றிக் கேட்டிருக்கும் நம் மாணவர்கள் இதன் பயனை எளிதில் உணர்வர். தொடர் அறுந்த இடத்தில் கேள்வி எழ வேண்டும்.

நம் தமிழ்நாட்டில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோவையின் எஸ். கரிவரதன், மாருதி காரின் இஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி இளைஞர் பலரைப் பந்தயக் களத்துக்குக் கொணர்ந்தார். வெளிநாட்டுப் பெரிய பெயர் எதனையும் அவர் அந்த வண்டிகளுக்குச் சூட்டவில்லை. மாருதி இஞ்சின் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் நாட்டுச் சட்டம்

ஆசைப்படும் இளைஞர்கள் இப்பகுதியைப் பெற்றோருக்கும் படித்துக் காட்டுமாறு வேண்டுகிறேன். ‘பழைய ஜீப்பையோ காரையோ வாங்கி, மேனியைக் கழற்றிவிட்டு, அலுமினியத்தில் பந்தயக் கார் கட்டித் தருகிறோம், பழைய பதிவுப் புத்தகமே போதும்’ என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. புதிதாக ஒரு காரை உருவாக்கிச் சாலைக்குக் கொணர வேண்டுமாயின், அதன் மாதிரி புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் சோதிக்கப்பட்டுச் சான்று பெற வேண்டும். ஒரே ஒரு காருக்காகத் தனிமனிதர் அதனைச் செய்வது எளிதன்று.

பழங்கார் என்று பதியலாமே எனின், 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் உண்டு. அது 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கே உரியது. நேற்றுச் செய்த நகல் அதில் அடங்காது. சட்டத்துக்கு மாறாக மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படவும் கூடும். அடிபட்ட ஏழைக்கு ஈடுசெய்யும் சுமை குடும்பத்தின் தலையில் விழும். வெளிநாட்டில் வசிக்கும் சகோதரர்கள் அந்நாட்டுச் சட்டப்படி ஒன்றை வாங்கி அங்கேயே பேணுவது வேறு; ஊருக்குக் கொண்டுவரும் கனவோடு வாங்குவது வேறு. கப்பலில் ஏற்றுவதற்கு முன், இறக்குமதி வரி எவ்வளவு, இங்கே பதிவு கிடைக்குமா என்ற இரண்டுக்கும் எழுத்தில் விடை பெறுங்கள்.

அவ்வாறெல்லாம் ஆராய்ந்து, கடன் படாமல், குடும்பத்தின் உரிமைகளைக் குறைக்காமல் ஒருவர் அத்தகைய காரை வாங்க முடியுமாயின், அவருக்குச் சில வார்த்தைகள். வாங்கும் நாளிலேயே அதன் ஆவணத்தில் ‘நகல்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் எழுதி வாங்குங்கள். மேனியைச் செய்தவர் யார், இஞ்சின் எந்தக் காருடையது, எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்னும் மூன்றையும் ஒரு தாளில் குறித்து வண்டியிலேயே வையுங்கள். எங்கே நசுங்கியது, யார் தட்டிச் சரிசெய்தார் என்பதையும் அதே தாளில் தேதியோடு சேர்த்து வாருங்கள். சிறுவன் ஒருவன் வியந்து நின்று, ‘இது அசலா மாமா?’ என்று கேட்டால், நகல் என்று சொல்லிவிட்டு, அலுமினியத்தைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் கற்றுக்கொடுங்கள். அந்தக் கார் பிற்காலத்தில் உங்கள் பிள்ளைகளின் கைக்கும், பின்னர் முன்பின் அறியாத ஒருவர் கைக்கும் போகும். அவரை ஏமாற்றாமல் காக்கப்போவது இன்று நீங்கள் எழுதிவைக்கும் அந்த ஒரு தாள்தான்.